மச்சத்தை மறைக்கும் பச்சை

(கமக்காரரும் உத்தியோகத்தரும் ஒருங்கே கூடிய கிராமக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



காணி வழக்கைப் பற்றியும், கூட்டுறவுச் சங்கக் கடனைப் பற்றியும், குளத்து நீர்ப் பங்கீட்டைப் பற்றியும் பேசுவதற்கே இம்மேடைக்கு நாம் வழக்கமாக அழைக்கப்படுவதுண்டு. இன்று மனிதனின் தோலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சட்டத்தரணிக்கும் தோலுக்கும் என்ன உறவு என்று முன்வரிசையில் இருவர் புன்னகை புரிவதைக் காண்கிறோம். சிரியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையிலுள்ள மச்சத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம் என்பதை அறிந்தபின், அச்சிரிப்பு கவனமாக மாறுமென்ற நம்பிக்கை எமக்குண்டு.

பச்சை குத்தும் வழக்கம் இன்று நம் இளைஞரிடையே பரவி வருகிறது. நகரத்துக் கடைகளிலே வேலும் மயிலும், காதலியின் பெயரும், தாயின் முகமும் தோலில் எழுதப்படுகின்றன. இது பண்பாட்டுக்கு மாறானது என்று கண்டனம் செய்ய நாம் இங்கு வரவில்லை. தமிழருக்குப் பச்சை குத்துதல் நேற்று வந்த பழக்கமன்று. தென்னகத்துக் குறவர் குலப் பெண்கள் பச்சிலைச் சாற்றையும் கரியையும் கொண்டு ஊரூராகச் சென்று பச்சை குத்தினார்கள். அங்கிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த நம் மூதாட்டிகள் பலரின் முன்கைகளிலே அக்கோலங்களைக் கண்டோர் இச்சபையிலும் இருப்பர். ஒருவர் தம் உடலில் எதை எழுதுவது என்பது அவரவர் உரிமை. அந்த உரிமையை அரசாங்கத்தின் கையில் ஒப்படைக்கவும் நாம் ஆயத்தமில்லை. 2014 ஆம் ஆண்டில், கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தார் என்பதற்காகப் பிரித்தானியப் பெண்ணொருவர் கட்டுநாயக்காவில் தடுத்து வைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று 2017 இல் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் படம் யாருடையது என்பது பற்றிப் பலரும் பேசினார்கள். மை என்ன மை, ஊசி என்ன ஊசி, அதன் கீழே இருந்த தோல் எத்தகையது என்ற கேள்விகள் எவர் வாயிலும் வரவில்லை. அக்கேள்விகளைத்தான் இன்று எழுப்புகிறோம்.

அவற்றுள்ளும் ஒன்றை மட்டும் முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். தோலில் ஏற்கெனவே இருக்கும் மச்சத்தின் மேல் பச்சை குத்தலாமா?

மச்சம் என்பது யாது? நம் தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் என்ற பொருளை உண்டாக்கும் கலங்கள் ஆங்காங்கே ஒன்றுதிரண்டு நிற்பதே மச்சம். வளர்ந்த மனிதர் ஒருவரிடம் பத்து முதல் நாற்பது வரை மச்சங்கள் இருப்பது வழமை. அவற்றிற் பெரும்பாலானவை பிறவியோடும் இளமையோடும் வந்து, எத்தீங்கும் செய்யாமல், நம்மோடு முதுமையடைந்து விடுகின்றன. மச்சமிருக்கும் இடத்தைக் கொண்டு பலன் கூறும் சாத்திரமும் நம்மிடையே உண்டு. அதன் மெய்பொய்யை ஆராய்வது இக்கூட்டத்தின் வேலையன்று. ஆனால் மச்சத்தை உற்றுப் பார்க்கும் பழக்கத்தை அச்சாத்திரம் நமக்குக் கொடுத்ததே, அது நல்ல பழக்கம். இன்றைய வைத்தியமும் அதனையே வேண்டுகிறது.

மெலனின் கலங்கள் கட்டுக்கடங்காது பெருகும்போது மெலனோமா என்ற புற்றுநோய் உண்டாகிறது. தோலில் வரும் புற்றுகளுள் இது அரிதானது. ஆனால் மிகக் கொடியது. மெலனோமாக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஏற்கெனவே இருந்த மச்சங்களிலிருந்து எழுகின்றன. ஏனையவை வெறுந்தோலில் புதிய கரும்புள்ளியாகத் தோன்றுகின்றன. இவ்விரண்டுக்கும் முதல் அறிகுறி ஒன்றே. அதனைக் கண்ணால் காணலாம். இந்த நோய் தன் வருகையைத் தோலின் மேலேயே எழுதி அறிவிக்கிறது. ஈரலிலும் நுரையீரலிலும் வளரும் புற்றுக்கு இந்த நாணயம் இல்லை.

எவ்வாறு எழுதுகிறது? மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியைப் போல் இராது. அதன் எல்லை கிழிந்த துணியின் விளிம்பு போல ஒழுங்கற்றிருக்கும். ஒரே மச்சத்தில் கறுப்பும் கபிலமும் சிவப்பும் கலந்து தோன்றும். பென்சிலின் அடியிலுள்ள அழிறப்பரின் பருமனை, அதாவது 6 மில்லிமீற்றரை, அது தாண்டியிருக்கும். இவை யாவற்றிலும் மேலானது மாற்றம். சென்ற ஆண்டு இருந்ததுபோல் இவ்வாண்டு இல்லையென்றால், வளர்ந்தால், தடித்தால், அரித்தால், இரத்தம் கசிந்தால் அதுவே எச்சரிக்கை மணி. ஒரு மச்சத்தில் இவற்றுள் ஒன்று காணப்பட்டால் அது புற்றுநோயே என்று கொள்ளற்க. வைத்தியரிடம் காட்டவேண்டிய மச்சம் என்று கொள்க.

கமக்காரப் பெருமக்களே! உங்கள் புகையிலைத் தோட்டத்தில் ஓர் இலையிலே புள்ளி விழுந்தால் என்ன செய்வீர்கள்? காலையும் மாலையும் அந்த இலையைப் புரட்டிப் பார்ப்பீர்கள். புள்ளி விரிகிறதா, நிறம் மாறுகிறதா, அடுத்த கன்றுக்குத் தாவுகிறதா என்று கவனிப்பீர்கள். அந்தப் புள்ளியின் மேலே பச்சைச் சாயத்தைப் பூசிவிட்டு, ‘இப்போது இலை அழகாக இருக்கிறது’ என்று வீட்டுக்குப் போவீர்களா? மச்சத்தின் மேல் பச்சை குத்துகிறவர் செய்வது அதுவே.

காணி உறுதி எழுதும் பெரியோருக்கு வேறொன்று சொல்கிறோம். ஓர் உறுதியிலே எல்லை கூறும் வரியின் மேல் மை கொட்டிவிட்டால் அந்த உறுதியை வைத்து எல்லை வழக்கை எப்படி நடத்துவது? வடக்கு எல்லை வேலியா, ஒழுங்கையா என்று எப்படித் துணிவது? மச்சத்துக்கும் எல்லை உண்டு, நிறம் உண்டு, அளவு உண்டு என்று சற்று முன்னர் கூறினோம். மூன்றையும் ஒரே நாளில் மை விழுங்கிவிடுகிறது. வைத்திய நிபுணர்கள் மச்சத்தை ஆராய்வதற்கு ஒளியோடு கூடிய உருப்பெருக்கிக் கருவியொன்றை வைத்திருக்கிறார்கள். மை படிந்த மச்சத்தில் அந்தக் கருவியும் ஐயத்தோடுதான் பேசும்.

ஊசி செய்யும் வேலையையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். மேற்றோல் உதிர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருப்பது. அதிலே மை வைத்தால் சில வாரங்களில் போய்விடும். ஆகையால் பச்சை குத்தும் ஊசி மேற்றோலைக் கடந்து, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்தில், உட்டோலிலே மையை இறக்குகிறது. உடலின் காவற் கலங்கள் ஓடிவந்து அந்த மையை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. ஒரு காவற் கலம் இறந்தால் அடுத்தது வந்து அதே மையை ஏற்றுக்கொள்கிறது. பச்சை அழியாதிருப்பதன் இரகசியம் இதுதான். மையின் ஒரு பகுதி அங்கேயும் தங்குவதில்லை. நிணநீர் வழியே சென்று அக்குளிலும் அரையிலுமுள்ள நிணநீர்க் கணுக்களில் படிந்து அவற்றைக் கறுப்பாக்குகிறது. மெலனோமா பரவும்போது முதலில் சென்று சேரும் இடமும் அதே கணுக்கள்தாம். அறுவை வைத்தியர் கணுவைத் திறந்து பார்க்கையில் கறுப்பைக் காண்கிறார். அது மையா, நோயா என்பதைக் கண்ணால் கூற இயலாது. நுணுக்குக்காட்டியே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

இங்கு நீதியாகப் பேசவேண்டிய ஒன்றுண்டு. ஊசி குத்தியதனால் நல்ல மச்சம் புற்றாக மாறிவிடும் என்று சிலர் அச்சுறுத்துகிறார்கள். அவ்வாறு நிறுவப்படவில்லை. சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2024 இல் வெளியிட்ட ஆய்வில், பச்சை குத்தியவர்களிடம் நிணநீர்ப் புற்றுக்கான இடர் 21 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. அது வேறு புற்று; மேலும் ஆராயப்படவேண்டிய பொருள் என்று ஆய்வாளரே கூறினர். குற்றச்சாட்டை மிகைப்படுத்தும் வழக்கறிஞர் வழக்கைத் தோற்பார் என்பது எமது தொழில் எமக்குக் கற்பித்த பாடம். ஆகவே, மச்சத்தில் குத்திய பச்சையின் மேல் நாம் சுமத்தும் குற்றம் ஒன்றே: அது சாட்சியை மறைக்கிறது.

சாட்சி மறைந்தால் என்ன? காலம் போகிறது. மெலனோமாவில் காலமே உயிர். 1970 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் பிறெஸ்லோ என்ற அமெரிக்க நோயியலறிஞர், இந்த நோயாளியின் கதியை நிர்ணயிப்பது கட்டியின் தடிப்பே என்பதை எடுத்துக்காட்டினார். 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்பில் வெட்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்த அளவைக் கடந்து ஆழச் செல்லச்செல்ல ஆபத்து ஏறுகிறது. தோன்றிய இடத்தில் அடங்கியிருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள் என்றும், தூர உறுப்புகளுக்குப் பரவியபின் அவ்வாறு வாழ்வோர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே என்றும் அமெரிக்கக் கணக்குகள் கூறுகின்றன. ஒரு மில்லிமீற்றர்! நெல்மணியொன்றின் குறுக்களவு கூட இல்லை. அந்த அளவிலே ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

‘இது வெள்ளைக்காரரின் நோய், எங்கள் கறுத்தத் தோலுக்கு வராது’ என்று சொல்வோர் நம்மிடையே உளர். கறுத்தத் தோலினருக்கு இது குறைவாகவே வருகிறது என்பது உண்மை. வராது என்பது பொய். உலகமறிந்த யமெய்க்காப் பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தின் கீழே 1977 இல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1981 இல், முப்பத்தாறாம் வயதில், அவர் மாண்டார். நம்மைப் போன்ற நிறத்தவர்க்கு மெலனோமா வருமிடத்து, வெயில் படும் முகத்தையும் முதுகையும் விட, உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலுமே பெரிதும் வருகிறது. வெறுங்காலோடு வரம்பில் நடக்கிற கமக்காரன் தன் உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளியைக் கண்டால் என்ன நினைப்பான்? முள் குத்திய தழும்பு என்பான். மண்வெட்டி பட்டு நகத்தடியில் இரத்தம் கட்டியது என்பான். இரத்தம் கட்டியது நகத்தோடு வளர்ந்து வெளியேறிவிடும். வெளியேறாமல் நகத்தின் நீளத்துக்கு நிற்கும் கருங்கோடு, புதிதாகத் தோன்றி அகன்று வருமாயின், அதனைக் காட்டாமல் விடுவது தவறு. நம்மவர்க்கு நோய் குறைவு என்பதனாலேயே ஐயமும் குறைவு. ஐயம் குறைவென்பதனால் வைத்தியசாலைக்குப் போவதும் பிந்துகிறது. இன்றிரவு கால் கழுவும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்.

இன்னொரு கைவைத்தியத்தையும் சொல்லாமல் அப்பாற் செல்ல மனம் ஒப்பவில்லை. மச்சத்தையும் மருவையும் வேறு பிரித்தறியாது, சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும், மரமுந்திரிகைக் கொட்டையின் பாலைத் தடவுவதும், குதிரை மயிரால் கட்டி அறுப்பதும் ஊர்களில் உண்டு. பச்சை சாட்சியை மறைக்கிறது என்றால் சுண்ணாம்பு சாட்சியை எரித்துவிடுகிறது. சோதிப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. அழகுக்காக மச்சத்தை நீக்க விரும்புவோர் வைத்தியரைக் கொண்டே வெட்டுவித்து, வெட்டியதை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்படி கேட்பாராக.

இனி எமது தொழிலிடத்துக்கு வருகிறோம். சில காலத்துக்கு முன் ஓர் இளைஞரை அவருடைய தந்தையார் எம்மிடம் அழைத்து வந்தார். ஊரையும் பேரையும் கூறமாட்டோம். தோளில் வேல் ஒன்றைப் பச்சை குத்தியிருந்தார். வேலின் இலை விரியும் இடத்தில் சிறுவயது முதல் இருந்த மச்சம் ஒன்று. ‘அதை மறைத்தால் படம் எடுப்பாக இருக்கும்’ என்று கடைக்காரர் சொன்னாராம். மூன்று ஆண்டுகள் கழித்து அந்த இடம் தடித்தது. மை ஒவ்வாமை என்று களிம்பு பூசினார்கள். இரத்தம் கசிந்தபின்னரே வைத்தியசாலைக்குப் போனார்கள். அக்குள் கணுவுக்கு நோய் சென்றுவிட்டது. ‘தம்பிக்குச் சிகிச்சை நடக்கிறது ஐயா. அந்தக் கடைக்காரர் மேல் வழக்கு வைக்க முடியுமா?’ என்று தந்தையார் கேட்டார்.

நாம் கூறிய விடையை உங்களுக்கும் கூறுகிறோம். உரோம டச்சுச் சட்டத்தின் கீழ் விரும்பி ஏற்றவன் முறையிட முடியாது என்றொரு தத்துவம் உண்டு. ஆனால் ஊசி குத்துவதற்கு இசைந்தவன் கவனயீனத்துக்கும் இசைந்தான் என்று அதற்குப் பொருளில்லை. என்ன ஆபத்து என்று அறியாதவனின் இசைவு இசைவாகாது. கடையிலே அவர் கையொப்பமிட்ட தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதை வாசிக்கவில்லை. வாசிக்கும்படி எவரும் கேட்கவுமில்லை. ஆகவே வழக்குக்கு இடமுண்டு. ஆனால் 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், தீங்குக்கான நட்டஈட்டு வழக்கு, வழக்கின் காரணம் தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படவேண்டும் என்கிறது. ஊசி குத்திய நாளிலிருந்து கணக்கிட்டால் காலம் முடிந்துவிட்டது. நோய் தெரிந்த நாளிலிருந்து கணக்கிடவேண்டுமென்று நாம் வாதிடலாம். எதிர்த்தரப்பார் சும்மா இரார். அந்தத் தடையைத் தாண்டினாலும், மை இல்லாதிருந்தால் முன்னரே கண்டிருப்போம் என்பதை நிரூபிக்கும் பாரம் நம் தலையில். மறைக்கப்பட்டதை மறைவதற்கு முன்னர் பார்த்த சாட்சி எங்கே? ஒரு பழைய நிழற்படம் கூட இல்லை. மெல்ல வளரும் நோயைச் சட்டத்தின் கடிகாரம் அறியாது. தந்தையார் எழுந்து போனார். அவருக்கு நாம் ஆறுதலாகச் சொல்லக்கூடியது அதிகமில்லை.

வழக்கு மன்றத்தில் பின்னர் பெற முடியாததை ஊர் மன்றத்தில் முன்னரே பெற்றுக்கொள்ளவேண்டும் என்ற எண்ணம் எமக்கு அன்றுதான் உறுதிப்பட்டது.

சிலர், ‘பச்சை குத்துவதையே தடை செய்துவிடுங்கள்’ என்கிறார்கள். தடையின் கதையைக் கேளுங்கள். செங்கண்மாரியைப் பரப்புகிறதென்று நியூயோர்க் நகரம் 1961 இல் பச்சை குத்துதலைத் தடை செய்தது. கடைகள் மூடப்பட்டன, தொழில் வீடுகளின் பின்னறைகளுக்குள் புகுந்தது. 1997 இல் தடையை நீக்கினார்கள். தென்கொரியாவில் 1992 இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றின்படி வைத்தியரன்றிப் பிறர் பச்சை குத்துவது குற்றமாயிற்று. ஆயினும் குத்துவோர் தொகை பெருகியதேயன்றிக் குறையவில்லை. 2025 இல் அந்நாட்டு நாடாளுமன்றம் வைத்தியரல்லாதார்க்கும் உரிமம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. யப்பானிய உச்ச நீதிமன்றமும் 2020 இல், பச்சை குத்துதல் வைத்தியத் தொழிலன்று என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியைப் பிடித்தது. மனிதனைத் தடுக்காமல் மையைத் தடுத்தது. 2022 சனவரி முதல், பச்சை மைகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்களைத் தடுத்தும் அளவிட்டும் விதி வகுத்திருக்கிறது. அங்கே விற்க முடியாத மை எங்கே போய்ச் சேரும் என்ற ஐயம் எமக்குண்டு.

நம் கையில் என்ன இருக்கிறது? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதிகளை ஆக்கும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்குக் கொடுத்திருக்கிறது. மாபெரும் சட்டம் வரட்டும் என்று காத்திராது, எமது சபையிலேயே ஓர் உபவிதியைக் கொண்டுவரலாம். பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பச்சை குத்தலாகாது; பிரித்தானியர் இதனை 1969 இலேயே சட்டமாக்கிவிட்டனர். ஊசி ஒருவருக்கு ஒன்றாக, அவர் கண் முன்னே பொதி உடைக்கப்படவேண்டும்; செங்கண்மாரியின் பி, சி வைரசுக்களும் எச்.ஐ.வி. வைரசும் பழைய ஊசியில் வாழக்கூடியவை. மைப் போத்தலின் பெயரும் தொகுதி இலக்கமும் பதியப்படவேண்டும். மச்சத்தின் மேல் குத்தலாகாது. அதனைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் வெறுந்தோல் விடப்படவேண்டும். குத்துமுன் அந்த இடத்தை நிழற்படமெடுத்து ஒரு பிரதியை வந்தவரிடமே கொடுக்கவேண்டும். இசைவுத் தாள் தமிழில் இருக்கவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்நேரமும் உள்ளே சென்று பார்க்கும் உரிமை பெறவேண்டும். இதனால் நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு ஒரு நட்டமும் வாராது. மச்சத்தைக் கண்டால் ஒதுங்கிக் குத்தும் நல்ல தொழிலாளர் பலர் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

ஏற்கெனவே மச்சத்தின் மேல் குத்திக்கொண்டவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கலாம். அவர்கள் அஞ்சவேண்டியதில்லை, அசட்டையாக இருக்கவும் வேண்டாம். சரும நோய் வைத்திய நிபுணரிடம் ஒருமுறை காட்டி, அங்கே மச்சம் இருந்தது என்பதை வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. தடிப்போ, புண்ணோ, அரிப்போ தோன்றினால் களிம்புக் கடைக்குப் போகாதீர்கள். பச்சையை லேசர் கொண்டு அழிக்க எண்ணுவோர், மச்சத்தைச் சோதித்த பின்னரே அதனைச் செய்விக்கவேண்டும். பல நிறப் பச்சைக்கு நடுவேயிருந்த மச்சமொன்று லேசர் சிகிச்சை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே மெலனோமாவானதை ஜேர்மன் வைத்தியர்கள் 2013 இல் எழுதியிருக்கிறார்கள். தொலைவு என்று தயங்குவோருக்கு ஒரு சொல். தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, இந்நாட்டின் எல்லா இனத்தவரும் சேர்ந்து நடந்து திரட்டிய நிதியில் எழுந்தது அது. அத்தனை பேர் நடந்து கட்டிய கட்டடத்துக்குப் பேருந்தில் போக நாம் சோம்பலாமா?

உபவிதியின் நகல் வாசலடி மேசையில் இருக்கிறது. மச்சத்தைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் போதுமா என்பதிலும், நிழற்படத்தைக் கடைக்காரர் எத்தனை ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பதிலும் எம்மிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. வைத்தியர்களும் பச்சை குத்தும் தொழிலாளரும் தம் திருத்தங்களை எழுதித் தந்தால், அடுத்த சபைக் கூட்டத்துக்கு முன் அவற்றைச் சேர்த்துக்கொள்வோம்.